பேரியத்துக்குச் சிவப்பு நூல்

என்ன கண்ணு அது, கெமிஸ்ட்ரி பிராக்டிகலா? இப்படிக் காட்டு. அட, சால்ட் அனாலிசிஸ். எக்ஸாம் நாளைக்கா? நாளன்னைக்கா. சரி, பஸ்ஸுல படிச்சா தலை சுத்தும், மூடி வை. சங்ககிரி வர்ற வரைக்கும் நான் சொல்றதைக் கேட்டாலே உனக்குப் பாதி போர்ஷன் முடிஞ்ச மாதிரி. நான் யாருன்னு உனக்குத் தெரியாதில்ல. நாமக்கல் பக்கம் எந்த ஹாஸ்டல் ஸ்கூல்ல வேணும்னாலும் திலகவதி மிஸ்ஸுன்னு கேட்டுப் பாரு. பன்னெண்டாவதுக்குக் கெமிஸ்ட்ரி. ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தாச்சு, ஆனாலும் இந்த மாதிரி ஒரு புத்தகத்தை யார் மடியிலயாவது பாத்துட்டா எனக்கு வாய் சும்மா இருக்காது.

சொல்லு, கார்பனேட் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குவே? ஏன் முழிக்கற? நீர்த்த ஆசிட் விட்டா நுரைச்சுப் பொங்கும். சரி, அடுத்தது. சுடர்ல காட்டினா கால்சியம் என்ன நிறம்? செங்கல் சிவப்பு. அதாவது தெரியுதே. பேரியம்? ஆப்பிள் பச்சை. நல்லது. அதைச் சொல்ற அளவுக்கு உனக்குக் கண்ணு இருக்கு. எங்கிட்ட ஒருத்தன் படிச்சான், அதுகூடத் தெரியாம. அவனாலதான் கண்ணு என் பேரு கெட்டுது. நீ கேக்கோணும் இதை. பரீட்சைக்குப் போறவ கேட்டுட்டுப் போனா நல்லது.

நவநீதன்னு பேரு. அவங்கப்பா லாரிக்குப் பாடி கட்ற பட்டறையில பெயிண்ட் அடிக்கறவரு. லாரி முன்னாடி சாமி பேரெழுதி, பின்னாடி பூவெல்லாம் போட்டு விடுவாங்களே, அந்த வேலை. பையன் நல்லாப் படிப்பான், அதை நான் இல்லைன்னு சொல்லல. பத்தாவதுல நல்ல மார்க்குன்னு எங்க ஸ்கூல்ல ஃபீஸ் இல்லாமச் சேத்தாங்க. டாக்டர் ஆகோணும்னு ஆசை. அப்பெல்லாம் நீட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது, பன்னெண்டாவது மார்க்குதான். கெமிஸ்ட்ரியில பிராக்டிகலுக்கு மட்டும் ஐம்பது. அந்த ஐம்பதுல ஒண்ணு ரெண்டு போனாலே சீட்டு கைய விட்டுப் போயிரும். அதனால பிராக்டிகல்னா எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் முழு மார்க். எல்லாருக்கும்னா எல்லாருக்கும். கடைசி பெஞ்சுல தூங்கறவனுக்கும். அது என் பொறுப்பு. ரிசல்ட் வந்தா ஸ்கூல் கேட்டுல பெரிய ஃப்ளெக்ஸ் வெப்பாங்க, அதுல கரஸ்பாண்டென்ட் படம் நடுவுல, பக்கத்துல என் படம். பட்டுச் சேலை கட்டி எடுத்த படம். வருஷா வருஷம் அதே படம்தான்.

இந்த நவநீதனுக்கு எல்லா டெஸ்ட்டும் வரும், சுடர் மட்டும் வராது. கண்ணாடிக் குச்சியில பொடியை ஆசிட்ல குழைச்சு பர்னர்ல காட்டினா, சிவப்பா பச்சையான்னு சொல்லோணும், அவ்வளவுதான். எல்.கே.ஜி. புள்ளை சொல்லும். இவன் சுடரைப் பாப்பான், என் மூஞ்சியைப் பாப்பான், மறுபடி சுடரைப் பாப்பான். "சிவப்புங்க மிஸ்"ம்பான். அது பச்சையா இருக்கும். அடுத்த நாள் அதே பச்சையைக் காட்டினா அப்பவும் யோசிச்சு "சிவப்பு"ம்பான். சிவப்பைக் காட்டினா "பச்சை". வேணும்னே பண்றான்னு எனக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு. நல்லாப் படிக்கற பசங்களுக்கு ஒரு திமிரு இருக்கும் பாரு, வாத்தியாரைச் சோதிச்சுப் பாக்கறது. நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.

அதனால லேப் வந்தாலே அவனை முன்னாடி கூப்பிட்டு நிறுத்திருவேன். பர்னரைப் பத்த வெச்சு, "என்ன நிறம்டா?"ம்பேன். அவன் ஒண்ணு சொல்லுவான். க்ளாஸே "தப்பு மிஸ்"னு கத்தும். "ரோட்டுல சிக்னல்ல நின்னா செத்துருவேடா நீ"ன்னு ஒரு நாள் விளையாட்டாச் சொன்னேன். அன்னையிலருந்து பசங்க அவனை சிக்னல்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. ஹாஸ்டல்ல, மெஸ்ல, எல்லா இடத்துலயும் சிக்னல்தான். பேரு வெச்சது நான்தான். அவனும் சிரிப்பான். க்ளாஸ் கலகலன்னு இருக்கோணுமில்ல கண்ணு, எப்பப் பாத்தாலும் வீழ்படிவு வீழ்படிவுன்னா பசங்களுக்கு போரடிச்சுரும்.

ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கோவம் வந்துருச்சு. குச்சியைக் கையில குடுத்து, சரியான நிறம் சொல்ற வரைக்கும் சுடர்லயே புடிச்சுட்டு நில்லுன்னுட்டேன். கண்ணாடி சூடாகும்ல, சுட்டா தானா வாயில வரும்னு. அவன் சிவப்பும்பான், இல்லைம்பேன். பச்சைம்பான், எதை வெச்சுச் சொல்றேம்பேன். குச்சியை மட்டும் கீழ போடல. விரல்ல கொப்புளம் வந்துருச்சு. அப்பத்தான், "மிஸ், எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தானுங்க..."ன்னு என்னமோ ஆரம்பிச்சான். "படிக்காதவனுக்கு எல்லாமே ஒரே மாதிரித்தான் தெரியும், போய் உக்காரு"ன்னேன். எதுத்துப் பேசறதுக்கும் காரணம் சொல்றதுக்கும் என் க்ளாஸ்ல இடம் கெடையாது. அதோட விட்டுட்டான்.

ஜன்னலைச் சாத்து கண்ணு, தூசி வருது.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த சுடர் இல்லாமயே அவன் எல்லாத்தையும் கண்டுபுடிச்சுருவான். விளையாட்டுப் பீரியடுல அட்டெண்டரைக் கெஞ்சி லேப்புக்குள்ள வந்து உக்காந்துக்குவான். ஒரு நாள் போய்ப் பாக்கறேன், கால்சியத்தையும் பேரியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னமோ பண்ணிட்டிருக்கான். என்னடான்னா, "பேரியம் கனமுங்க மிஸ், அதே ஸ்பூன் அளவு எடுத்தாலும் கையில தெரியுது"ங்கறான். குரோமேட் விட்டா பேரியம் கலங்கி உடனே அடியில போய் உக்காந்துக்குதாம், கால்சியம் தெளிவாவே நிக்குதாம். "நிறமே பாக்க வேண்டாமுங்க மிஸ், கலங்குதா இல்லையான்னு பாத்தாப் போதும்"னு எனக்குப் பாடம் எடுக்கறான். கெமிக்கல் என்ன விலை விக்குது, உங்கப்பன் பட்டறையில இருந்தா வருதுன்னு கேட்டு வெளிய அனுப்பிச்சுட்டு, அட்டெண்டர்கிட்ட இனிமே இவனை உள்ள விடாதீங்கன்னு சொல்லிட்டேன். சுடர்ல ஒரு செகண்டுல முடியற வேலைக்கு இவனுக்கு ஏன் இந்த வித்தை?

இப்ப உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய சொல்லாத. எல்லாருக்கும் முழு மார்க் எப்படி வந்துச்சுன்னு நெனைக்கற? பிராக்டிகல் எக்ஸாமுக்கு வேற ஸ்கூல்ல இருந்து எக்ஸ்டர்னல்னு ஒரு வாத்தியார் வருவாரு. சால்ட்டை எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி நம்பர் போட்டு வெச்சிருப்போம். பசங்க சீட்டு எடுத்து, எந்த நம்பரோ அந்தப் பொட்டலம். எந்த நம்பர்ல என்ன சால்ட்டுன்னு எக்ஸ்டர்னல்கிட்ட மட்டும் இருக்கும். சில ஸ்கூல்ல அட்டெண்டர் வந்து காதுல சொல்லிட்டுப் போவாங்க, மாட்டிக்குவாங்க. நான் அப்படியெல்லாம் பண்ணல. பொட்டலத்தைக் கட்டற நூல்ல வெச்சேன். தையல் நூலு. கால்சியத்துக்குச் சிவப்பு, பேரியத்துக்குப் பச்சை, லெட்டுக்கு மஞ்சள், ஜிங்க்குக்கு வெள்ளை. சுடர் என்ன நிறமோ, டெஸ்ட்ல என்ன நிறம் வருமோ, நூலும் அதே நிறம். மரமண்டைக்குக்கூட மறக்காது. நூலைப் பாத்தா உலோகம் எதுன்னு தெரிஞ்சுரும். அப்புறம் டெஸ்ட் பண்ற மாதிரி பாவ்லா காட்டிட்டு மனப்பாடம் பண்ணதை எழுதிட்டு வந்துர வேண்டியதுதான். என் மூளையை நானே மெச்சிக்குவேன், இன்னிக்கும்.

பரீட்சைக்கு முன்னாடி பசங்களை உக்கார வெச்சு இதைச் சொல்லிக் குடுத்தேன். எல்லாருக்கும் சிரிப்பு, சந்தோஷம். இந்த நவநீதன் மட்டும் எந்திரிச்சு, "எனக்கு நூல் வேண்டாமுங்க மிஸ், நான் டெஸ்ட் பண்ணியே எழுதிக்கறனுங்க"ங்கறான். எப்படி இருக்கும் எனக்கு? அத்தனை பேர் முன்னாடி. இவன் மட்டும் யோக்கியன், நாங்கெல்லாம் திருட்டுக் கும்பல்ங்கற மாதிரி. "நூலைப் பாத்து எழுதறதா இருந்தா எழுது, இல்லாட்டி ஹால் டிக்கெட் எங்கிட்டத்தான் இருக்கு"ன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

அந்த வருஷம் எக்ஸ்டர்னலா வந்து சேந்தாரு ஒருத்தரு, வேதமாணிக்கம் சார்னு. அரசாங்கப் பள்ளிக்கூடத்து ஆளு. அவருக்குன்னு இட்லி, பொங்கல், வடைன்னு எங்க மெஸ்ல தனியா பண்ணி வெச்சிருந்தோம். மனுஷன் டிபன் பாக்ஸ்ல தயிர்சாதம் கொண்டு வந்திருக்காரு. இந்த ஆளு மசியற ஆளு இல்லைன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. பொட்டலத் தட்டைப் பாத்துட்டு, "என்ன மிஸ், கலர் கலரா இருக்கு"ன்னாரு. ஸ்டோர்ல இருந்த நூலு சார்னேன். "சும்மா ரெண்டு பிரிங்க பாப்போம்"னாரு. எதை எடுக்கறாரு பாரு, ஒரு சிவப்பு, ஒரு பச்சை. ரெண்டுமே கார்பனேட், ரெண்டுமே வெள்ளைப் பொடி. கால்சியம் கார்பனேட், பேரியம் கார்பனேட். பிரிச்சு, கண்ணாடியை மேல தூக்கிப் பாத்து, நம்பரைத் தன் பேப்பர்ல சரி பாத்துட்டு, "கட்டிருங்க"ன்னாரு. ரெண்டு நூலும் மேஜையில கெடக்குது, மனுஷன் பக்கத்துல நின்னு என் கையையே பாத்துட்டிருக்காரு. அவசர அவசரமாக் கட்டி முடிச்சேன். ஆனா நான் சரியாத்தான் கட்டினேன். அந்த ஆளு பிரிக்கச் சொல்லாம இருந்திருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

பசங்க சீட்டு எடுத்தாங்க. அந்த ரெண்டு பொட்டலத்துல ஒண்ணு நவநீதனுக்கு, சிவப்பு நூலு. இன்னொண்ணு, பச்சை நூலு, பிரணேஷ்க்கு. பிரணேஷ் யாருன்னா, எங்க கரஸ்பாண்டென்டோட தங்கச்சி பையன். தங்கமான பையன். கொஞ்சம் சோம்பேறி, அது பணக்கார வீட்டுப் புள்ளைங்க எல்லாருக்கும் இருக்கறதுதான். நூலைப் பாத்தான், கடகடன்னு பேரியம்னு எழுதினான், ஜம்முன்னு உக்காந்துட்டான்.

நான் சுத்தி வர்றேன். நவநீதன் பேப்பரை எட்டிப் பாத்தா, பேரியம்னு எழுதி வெச்சிருக்கான். பக்கத்துல மேஜை மேல சிவப்பு நூலு கெடக்குது. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. அத்தனை சொல்லியும் பாரேன். வேதமாணிக்கம் சார் அந்தக் கடைசியில நிக்கறாரு. நான் குனிஞ்சு, "சிவப்பு நூல்டா, கண்ணு அவிஞ்சு போச்சா"ன்னேன்.

"இது பேரியமுங்க மிஸ். கனமா இருக்கு. குரோமேட் படியுதுங்க"ன்னு டெஸ்ட் ட்யூபைத் தூக்கிக் காட்டறான்.

"நூல் என்ன நிறம், சொல்லு."

நூலை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறான்.

"நிறம் தெரியாதவன் நீ, எனக்கு சால்ட் சொல்றியா? அடிச்சுட்டு கால்சியம்னு எழுது."

"மிஸ், நீங்க ஒரு தடவை சுடர்ல பாருங்க மிஸ். எனக்கு அது மட்டும்தான் தெரியாது. நீங்க பாத்துச் சொன்னா எழுதிக்கறேன்."

குச்சியை எடுத்து என் கையில குடுக்க வர்றான். எக்ஸ்டர்னல் இருக்கற ஹாலுக்குள்ள நான் நின்னு இவனுக்கு டெஸ்ட் பண்ணிக் காட்டோணுமாம். வெளிய தெரிஞ்சா என் வேலை என்ன ஆகறது? கையில நல்லாக் கிள்ளிட்டு, "எழுதறியா, பேப்பரைப் புடுங்கட்டுமா"ன்னேன். அப்பத்தான் எழுதினான். பேரியத்தை ஒரு கோடு போட்டு அடிச்சான், கால்சியம்னு எழுதினான், மேல குரோமேட் டெஸ்ட்டையும் அடிச்சு மாத்தினான். எழுதும்போது கண்ணுல தண்ணி வேற. எதுக்கெடுத்தாலும் அழுகை. ஆம்பளைப் பையன்.

அங்கிருந்து நாலு மேஜை தள்ளி பிரணேஷ் பாவ்லாவுக்கு சுடர் காட்டிட்டிருந்தான். நான் தற்செயலாத்தான் பாத்தேன். சுடர் செக்கச் செவேல்னு எரியுது. செங்கல் சிவப்பு. பக்கத்துல பச்சை நூலு. பச்சை நூலுக்கு எப்படிச் சிவப்புச் சுடர்? அப்பத்தான் புரிஞ்சுது, அந்த மனுஷன் பிரிக்கச் சொன்னதுல நூல் ரெண்டும் மாறிக் கெடக்குதுன்னு.

யோசிக்க நேரமில்லை. கரஸ்பாண்டென்ட் வீட்டுப் பையன். குனிஞ்சு, "கால்சியம், மாத்திரு"ன்னேன். பிரணேஷ் நல்ல பையன், ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல, உடனே மாத்திட்டான். இதைத்தான் நான் சொல்றது, சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளை எங்கிருந்தாலும் முன்னுக்கு வந்துரும். இப்ப சேலத்துல சொந்தமா ஆஸ்பத்திரி வெச்சிருக்கான்.

நவநீதனா? அவன்கிட்டயும் போயிருக்கலாமேன்னு நீ கேப்பே. போனா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. அவன் பேப்பர்ல ஏற்கனவே ஒரு அடித்தல் இருக்கு. மறுபடி அடிச்சு மறுபடி பேரியம்னு எழுதினா எக்ஸ்டர்னல் கண்ணுல படாம இருக்குமா? எதுக்கு இத்தனை தடவை மாத்தினேன்னு கேப்பாரு. இவன் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். நூல் விஷயம் வரும், அப்புறம் ஸ்கூல் பேரு, அத்தனை பசங்க மார்க்கு, எல்லாம் போகும். ஒருத்தனுக்காக அத்தனை பேரை பலி குடுக்க முடியுமா? கடைசியில நேரம் முடியப் போகுதுன்னு சொன்னப்போ அவன் கையைத் தூக்கி, "மிஸ்"னான். கேக்காத மாதிரி அந்தப் பக்கம் போயிட்டேன். மறுபடியும் "மிஸ்"னான். பேப்பரை வாங்குங்கன்னு அட்டெண்டர்கிட்டச் சொல்லிட்டேன்.

வாய்மொழித் தேர்வுல வேதமாணிக்கம் சார் அவன் பேப்பரைப் புடிச்சுக்கிட்டாரு. "ஏன்ப்பா இதை அடிச்சே?"

இவன் என்னைப் பாத்தான். நானும் பாத்தேன்.

"சந்தேகம் வந்துருச்சுங்க சார்."

"யாராவது மாத்தச் சொன்னாங்களா? பயப்படாமச் சொல்லு."

"இல்லீங்க சார். நானேதான் அடிச்சேன்."

பாத்தியா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நான் ஒண்ணும் அவன் வாயைப் பொத்தல. அந்த சார் என்னை ஒரு பார்வை பாத்தாரு, அவ்வளவுதான், ஒண்ணும் கேக்க முடியல. பையனே சொன்னதுக்கப்புறம் என்ன கேப்பாரு?

ரிசல்ட் வந்துச்சு. பயாலஜி, பிசிக்ஸ் எல்லாம் அள்ளிட்டான். கெமிஸ்ட்ரி தியரியில முழுசா வாங்கியிருக்கான். பிராக்டிகல்ல மட்டும் முப்பத்தி சொச்சம். எங்க ஸ்கூல் ஆரம்பிச்சதுலருந்து பிராக்டிகல்ல ஐம்பதுக்குக் கீழ வாங்கின ஒரே ஆளு. மெடிக்கல் கவுன்சிலிங்குக்கு அவன் பேரு வரவே இல்லை. அது போகட்டும். அந்த வருஷம் ஃப்ளெக்ஸ்ல என் படம் இல்லை கண்ணு. பிசிக்ஸ் வாத்தியார் படத்தைப் போட்டிருந்தாங்க, சட்டை பட்டன்கூடப் போடத் தெரியாத ஆளு. நான் தினமும் அந்தக் கேட்டு வழியாத்தான் போகோணும். ஸ்கூட்டரை நிறுத்திட்டு அழுதிருக்கேன். அதை யாரு கேட்டாங்க?

அதுக்கப்புறம் ஒரு நாள் அவங்கப்பா வந்தாரு. சட்டையில எல்லாம் பெயிண்ட். கையில ஒரு கண்ணாஸ்பத்திரி சீட்டு. "ஏனுங்க மிஸ், பையனுக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதாமுங்க. பொறப்புலயே அப்படியாமுங்க. டாக்டரம்மா புத்தகத்துல புள்ளி புள்ளியா வெச்சுக் காட்டிச் சொன்னாங்க"ன்னாரு. சின்ன வயசுல பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனா, சிவப்பு டப்பா கேட்டா பச்சை டப்பாவை எடுத்துக் குடுப்பானாம். "வெளையாட்டுத்தனம்னு நானே அடிச்சிருக்கனுங்க மிஸ்"னு சொல்லி அங்கயே உக்காந்து அழுகறாரு. இந்தச் சீட்டை வெச்சு எழுதிப் போட்டா பிராக்டிகலைத் திரும்பப் பாப்பாங்களான்னு கேக்கறாரு.

எனக்கு அப்பத்தான் நல்ல யோசனை வந்துச்சு. "ஐயோ, அதனாலதாங்க. சால்ட்டெல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கான். டைட்ரேஷன்லதான் போயிருக்கு. பர்மாங்கனேட் கடைசிச் சொட்டுல லேசா ரோஸ் ஆகோணும், அந்த ரோஸ் அவனுக்கு எங்க தெரியப் போகுது, கண்ட ரீடிங்கை எழுதி வெச்சிருக்கான்"னு சொன்னேன். பாவம், தலையைத் தலையை ஆட்டினாரு. எழுதிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, மெடிக்கல் சீட்டு எல்லாம் குடுத்து முடிச்சுட்டாங்கன்னு அனுப்பிச்சு வெச்சேன். அந்த மனுஷனுக்கும் ஒரு காரணம் கெடைச்சுது, நிம்மதியாப் போனாரு. கண்ணு தெரியாததுக்கு யாரு என்ன பண்ண முடியும்? முன்னாடியே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் பாத்துக்க மாட்டேனா? வாயைத் திறந்து சொல்லாத புள்ளைங்களை என்னன்னு சொல்றது.

இது நடந்து ரொம்ப வருஷம் ஆச்சு. போன மாசம் ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஓடி வந்து என் பையை வாங்கிக்கிட்டான். யாருடான்னு பாத்தா இவன்தான். அங்கங்க முடி நரைச்சுப் போச்சு, இத்தனை சின்ன வயசுல. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துல லேப்ல வேலையாம். சாக்கடைத் தண்ணியை டெஸ்ட் ட்யூப்ல ஊத்தி, அதுல என்ன உப்பு இருக்கு என்ன உலோகம் இருக்குன்னு பாக்கறானாம். காலேஜ்ல ஒரு டிகிரி படிச்சிருக்கான். பொண்டாட்டி, ஒரு புள்ளை. பஸ்ஸுல ஏறி எனக்கு ஜன்னல் சீட்டு புடிச்சுக் குடுத்தான், தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான். மரியாதை எல்லாம் குறைச்சலில்லை. அதை நான் சொல்லித்தான் ஆகோணும்.

கண்டக்டர் விசில் அடிக்கற நேரத்துல ஜன்னல்கிட்ட வந்து நின்னு, "மிஸ், ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க"ன்னான். கேளுன்னேன்.

"அன்னைக்கு என் பொட்டலத்துல இருந்தது பேரியம்தானுங்களே மிஸ்?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. இத்தனை வருஷம் கழிச்சு. பொண்டாட்டி புள்ளை வந்தாச்சு, இன்னும் பொட்டலத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். ஆமாம்னு சொன்னா என்ன? ஒண்ணும் ஆயிராதுதான். நான் ரிட்டயர் ஆகியாச்சு, அந்த ஸ்கூலையே வித்துட்டாங்க. ஆனா ஆமாம்னு சொன்னா அடுத்து, பின்ன ஏனுங்க மாத்தச் சொன்னீங்கம்பான். பஸ்ஸுல அத்தனை பேர் இருக்காங்க. ஒரு பழைய ஸ்டூடண்ட் முன்னாடி நான் முழிச்சுட்டு நிக்க முடியுமா?

"கால்சியம்டா"ன்னேன். "கால்சியம்தான். சுடர் எப்படிச் சிவப்பா எரியும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

"குரோமேட் கலங்கி அடியில படிஞ்சுதுங்களே மிஸ். நான் பாத்தனுங்களே."

"படிஞ்ச மாதிரி உனக்குத் தோணியிருக்கும். சுடர் தப்பாத் தெரியலையா? அந்த மாதிரிதான் இதுவும்."

ஜன்னல் கம்பியைப் புடிச்சிருந்த கையை எடுத்துட்டான்.

"கண்ணுதான் மோசம், கை சரியாத்தான் பண்ணுச்சுன்னு இத்தனை வருசமா நெனைச்சுட்டிருந்தனுங்க மிஸ். அதை வெச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். தினமும் நூறு பட்டறைத் தண்ணிக்கு நான்தான் கையெழுத்துப் போடறனுங்க"ன்னான்.

"அதான் இப்பத் தெரிஞ்சுக்கிட்டியே. இனிமே ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக் கையெழுத்துப் போடு. இல்லாட்டி வேற ஆளை வெச்சுப் பாக்கச் சொல்லு"ன்னேன். நல்லதுதானே சொன்னேன்?

"சரிங்க மிஸ்"னான். அவ்வளவுதான். எதுத்து ஒரு வார்த்தை பேசல. அந்தப் பழைய திமிரெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. முகத்துல இருந்ததெல்லாம் வடிஞ்சு போயி அப்படியே நின்னான், பஸ் திரும்பற வரைக்கும்.

ஏன் கண்ணு அப்படிப் பாக்கற? தப்பா ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் திரிஞ்சிருக்கான், யாருமே சொல்லல, நான் சொன்னேன். ரிட்டயர் ஆனதுக்கப்புறமும் ஒரு பையனைத் திருத்த முடிஞ்சுதேன்னு அன்னைக்கு எனக்கு அத்தனை திருப்தி. ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்கினேன்.